திருத்தணி மலையில் தொடங்கிய பாட்டு

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



நம்ம மலரில் விஞ்ஞானிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பாட்டுக்காரரை. பாலிடெக்னிக் மலரில் பாட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு வித்தையைப் பார்த்துப் பயப்படாமல், அதை அப்படியே காப்பியும் அடிக்காமல், நம்முடையதாக ஆக்கிக்கொள்வது எப்படி என்று இருநூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் அவர். பெயர் முத்துசுவாமி தீட்சிதர். பிறந்தது 1775, மறைந்தது 1835.

இன்றைக்கு ஃப்யூஷன் என்று ஒரு வார்த்தை எல்லார் வாயிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1968 வாக்கில் கிராம் பார்சன்ஸ் என்கிற இளைஞரும் அவர் சேர்ந்திருந்த பேர்ட்ஸ் குழுவும் கிராமத்து கன்ட்ரி பாட்டையும் ராக் இசையையும் ஒன்றாகக் கலந்தார்கள். அதைப் பெரிய புதுமை என்று உலகமே பேசியது. புதுமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நூற்று முப்பது வருஷத்துக்கும் முன்பே, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து கிராமத்து நடன மெட்டுகளை எடுத்து நம்ம சாமிகள் மேல் பாட்டுக் கட்டிய ஒருவர் நம்ம பக்கத்தில் இருந்தார். அவருடைய முதல் பாட்டு பிறந்த இடம் நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற திருத்தணி மலை! இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருவாரூர் வீடு

கர்நாடக சங்கீதத்தில் மும்மூர்த்திகள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். சியாமா சாஸ்திரி (1762-1827), தியாகராஜர் (1767-1847), முத்துசுவாமி தீட்சிதர். மூன்று பேருமே திருவாரூரில் பிறந்தவர்கள் என்பது ஆச்சரியம்தான்.

முத்துசுவாமியின் அப்பா ராமசுவாமி தீட்சிதரே பெரிய வித்வான். ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். கச்சேரி ஆரம்பத்தில் அடிக்கடி கேட்கிற 'வாதாபி கணபதிம்' பாட்டு அந்த ராகம். அப்பா உண்டாக்கிய ராகத்தில் மகன் கட்டிய பாட்டு அது. குழந்தை வேண்டும் என்று வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அங்கிருக்கும் முத்துக்குமாரசுவாமி பெயரையே வைத்தார்கள். பிறகு சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகள், ஒரு தங்கை.

அவர் வீட்டில் வித்தை பரம்பரையாக இருந்தது. எங்க வீட்டில் அப்படி இல்லை. அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் இவர் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தபோது, இது நமக்குச் சம்பந்தம் இல்லாத ஆள் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போகத்தான் வேறு மாதிரி தெரிந்தது.

மணலியும் கோட்டை பேண்டும்

சென்னைக்குப் பக்கத்தில் மணலி இருக்கிறதே, அங்கே முத்துகிருஷ்ண முதலியார் என்ற ஒரு செல்வந்தர் இருந்தார். அவர் ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் ஆதரவைத் தொடர்ந்தார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷ். அதாவது வெள்ளைக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் பேசி வேலை முடிக்கிறவர். இவர் தீட்சிதர் சகோதரர்களை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் பேண்டு வாத்தியம் கேட்க வைத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் வீணை, வேதம், வெளியில் கோயில் மேளம் என்று வளர்ந்த பிள்ளைகள். திடீரென்று எதிரில் பித்தளைக் குழல்கள், டிரம், ஃபிடில், ராணுவ நடை. காதைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம். இல்லை, நம்முடையது மட்டம், அவர்களுடையதுதான் உசத்தி என்று மயங்கியிருக்கலாம். இரண்டுமே நடக்கவில்லை. தம்பி பாலுசுவாமி (1786-1859) ஒரு ஐரோப்பியரிடம் முறையாக ஃபிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை அப்படியே வாசிக்காமல் நம்ம பாட்டுக்குத் தக்கபடி மாற்றினார். நம்ம வித்வான்கள் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கால் மேல் வைத்து வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதனால் இடது கை தாங்கிப் பிடிக்கிற வேலையிலிருந்து விடுபடுகிறது. விரல் தந்தி மேல் தாராளமாக வழுக்கி ஓடும். கமகம் பிடிக்க அது வேண்டும். தந்திகளைச் சுருதி சேர்க்கிற முறையும் நம்ம ச-ப-ச-ப ஆகிவிட்டது. ஒரு மிஷினை வாங்கி நம்ம வேலைக்கு ஏற்றபடி செட்டிங் மாற்றுவது மாதிரி! இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியே அபூர்வம். அது வெளிநாட்டு வாத்தியம் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

காசியும் மூன்று படியும்

மணலிக்குச் சிதம்பரநாத யோகி என்ற துறவி வந்தார். முத்துசுவாமியைத் தன்னோடு காசிக்கு அழைத்துப் போகக் கேட்டார். அப்பா மனசில்லாமல் அனுப்பி வைத்தார். காசியில் சில வருஷங்கள் இருந்து குருவுக்குச் சேவை செய்தார், வேதாந்தமும் மந்திர சாஸ்திரமும் படித்தார், வடநாட்டு இசையைக் காது நிறையக் கேட்டார். அங்கே துருபத் என்று ஒரு பாணி உண்டு. அவசரமே படாமல், ராகத்தை மெல்ல மெல்லத் திறந்து காட்டுவது. தீட்சிதர் பாட்டுகள் நிதானமாக, யானை நடை மாதிரி போவதற்கு இதுவும் ஒரு காரணம். யமுனா கல்யாணி, துவிஜாவந்தி போன்ற ராகங்களில் அவர் செய்த பாட்டுகளில் அந்த வடநாட்டு வாசனை நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் குரு அவரைக் கங்கையில் மூன்று படி இறங்கச் சொன்னாராம். இறங்கியதும் கையில் ஒரு வீணை கிடைத்ததாம். அதைக் கொடுத்த பிறகு குரு மறைந்துவிட்டார் என்று கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்த வீணை என்று சொல்லப்படுகிற ஒன்றை அவர் வம்சத்தார் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. கீழே இறங்கினால்தான் கையில் ஏதாவது கிடைக்கும். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது!

திருத்தணி

காசியிலிருந்து திரும்பியவர் அடுத்து வந்தது நம்ம திருத்தணிக்கு. மலையில் தங்கித் தியானம் செய்தார். அப்போது ஒரு பெரியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கல்கண்டைப் போட்டுவிட்டுப் போனார், அது முருகனே என்று சொல்வார்கள். அந்த இனிப்போடு பிறந்ததுதான் முதல் கீர்த்தனை, 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ'. அதிலிருந்து குருகுஹ என்பதே அவர் முத்திரை ஆகிவிட்டது. முத்திரை என்றால் பாட்டில் வைக்கிற கையெழுத்து. நம்ம டிராயிங் ஷீட்டில் மூலையில் டைட்டில் பிளாக் போடுகிறோமே, அது மாதிரி.

ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த முதல் பாட்டு மாயாமாளவகௌளை ராகம். பாட்டு கற்றுக்கொள்ளப் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ச-ரி-க-ம சொல்லித் தருகிற ராகம் அதுதான். காசி வரைக்கும் போய் வருஷக்கணக்கில் படித்தவர், தன் முதல் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது பால பாடத்து ராகத்தை! பேசிக்ஸை மறக்காதே என்று நம்ம சார்கள் சொல்வது சும்மா இல்லை. அதோடு நிறுத்தவும் இல்லை. சமஸ்கிருத இலக்கணத்தில் இருக்கிற எட்டு வேற்றுமைக்கும் ஒன்று வீதம் எட்டுப் பாட்டு, வரிசையாகச் செய்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஆயா வருஷா வருஷம் காவடிக்காரர்களோடு நடந்தே திருத்தணி போகும். 365 படி ஏறும். நானும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அந்தப் படியிலேயே இப்படி ஒருத்தர் உட்கார்ந்து ஆரம்பித்தார் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஆயாவுக்கும் தெரியாது. சொன்னதும் ஆயாவுக்கு ரொம்ப சந்தோஷம். அவருக்கும் நம்ம முருகன்தானா என்று கேட்டுக்கொண்டது.

நொட்டு ஸ்வரம்

கோட்டையில் கேட்ட மெட்டுகளை அவர் மறக்கவில்லை. நோட் என்ற ஆங்கில வார்த்தை நம்ம வாயில் நொட்டு ஆனது. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதி அவர் கட்டிய சின்னச் சின்னப் பாட்டுகளுக்கு நொட்டு ஸ்வரம் என்று பெயர். ஏறக்குறைய நாற்பது பாட்டு கிடைத்திருக்கிறது. மேற்கத்தியர் மேஜர் ஸ்கேல் என்று சொல்லும் ஸ்வரங்கள் நம்ம சங்கராபரண ராகத்து ஸ்வரங்கள்தான். அதனால் மெட்டு நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே வித்தியாசம், இதில் கமகம் என்கிற அசைவு கிடையாது. ஸ்வரம் ஸ்வரமாக, படிக்கட்டு மாதிரி போகும். சின்னக் குழந்தைகூட ஒரே நாளில் பாடிவிடும்.

பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் காட் சேவ் த கிங் மெட்டு தெரியும் அல்லவா? அதே மெட்டில் அவர் செய்தது 'ஸந்ததம் பாஹிமாம்'. பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ் என்று பட்டாளம் நடக்கிற மெட்டு ஒன்று. அதில் சுப்ரமணியர் மேல் பாட்டு! தேவர்களின் சேனாபதிக்குச் சிப்பாய் மெட்டு, எவ்வளவு பொருத்தம்! கேலபீட் என்கிற இங்கிலாந்து கிராமத்து நடன மெட்டில் 'கமலாஸன வந்தித' என்று ஒன்று. ஆள வந்தவர்களின் ராஜாவைப் புகழ்கிற மெட்டை வாங்கி, அதிலிருந்து ராஜாவை இறக்கிவிட்டு, சங்கீதத்துக்கே தாயாகிய சியாமளையை ஏற்றி வைத்துவிட்டார். ஒரு சண்டையும் போடவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை.

எங்க தொழிலில் பாவு, ஊடை என்று இரண்டு உண்டு. பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல். ஊடை குறுக்கே ஓடுகிற நூல். பாவு எங்கிருந்து வந்தாலும் நெய்கிறவன் கை ஊடையில்தான் இருக்கிறது. நொட்டு ஸ்வரத்தில் பாவு அவர்களுடையது, ஊடை நம்முடையது. துணி யாருடையது? நெய்தவருடையதுதான்!

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், முதல் வருஷம் நாம் பட்ட பாடு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் டார்க், ஷியர், என்ட்ரோபி என்று போர்டு நிறைய எழுத்து. யார் வீட்டிலோ கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். வீட்டுக்குப் போனால் வாயில் வருகிற இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டு, இனிமே நம்ம ஆள் இல்லை என்று விளையாட்டாகச் சொல்லுவார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று இருக்கும். தீட்சிதர் கதை எனக்கு அந்த இடத்தில்தான் கை கொடுத்தது. வெளியே கற்றதால் அவர் வேறு ஆளாகிவிடவில்லை. அவர் பாட்டுதான் பெரிதானது.

யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்?

இது எனக்கு முக்கியமான கேள்வி. எட்டாவது படிக்கும்போது பாட்டு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஓர் இடத்துக்குப் போனேன். நெசவுக்காரர் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார் ஒருவர். பெயர் வேண்டாம். அன்றிலிருந்து இந்தச் சங்கீதம் நமக்கில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் தீட்சிதரின் சிஷ்யர்கள் யார் என்று பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கிறது. திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் ஒருவர். அதே கோயிலில் ஆடிய கமலம் ஒருவர். நாகஸ்வரக்காரர்களும் இருந்தார்கள். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரும் இவரிடம் கற்றவர்கள். இன்று பரதநாட்டியத்தில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதை ஒழுங்குபடுத்தியவர்கள் அந்த நால்வர். அதில் கடைசித் தம்பி வடிவேலு வயலினில் கெட்டிக்காரர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகக் கொடுத்தார். கோட்டையில் கேட்ட ஃபிடில் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

தம்பியப்பனுக்குத் தீராத வயிற்று வலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்று கண்டு, அவருக்காகக் குருவின் மேல் அடாணா ராகத்தில் 'ப்ருஹஸ்பதே' பாட்டைச் செய்து கொடுத்தார் தீட்சிதர். பாடப் பாட வலி தீர்ந்தது என்பார்கள். அதிலிருந்து வளர்ந்தவைதான் நவக்கிரகப் பாட்டுகள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாளுக்கு ஏழு பாட்டு, ஏழும் ஏழு வெவ்வேறு தாளம். துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம். ஒரு மத்தளக்காரருக்காகத் தொடங்கிய வேலை, தாளத்துக்கே ஒரு பாடப்புத்தகம் ஆகிவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கோயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-ல்தான். தீட்சிதர் பாட்டெல்லாம் பெரும்பாலும் சமஸ்கிருதம். எனக்கு ஒருவர் அர்த்தம் சொன்னால்தான் புரிகிறது. ஒரு தனி மனிதர் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் கையில் இருந்த கதவை, மத்தளக்காரருக்கும் ஆடுகிற பெண்ணுக்கும் அவர் சாத்தவில்லை. அதைச் சொல்லாமல் விடுவதும் தப்பு.

சாத்திய கதவு

மூடிய கதவு முன்னால் அவரும் நின்றிருக்கிறார்! கீழ்வேளூர் கோயிலுக்குப் போனபோது குருக்கள் நடை சாத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுக்கக் கேட்டும் கேட்காமல் பூட்டிவிட்டார். தீட்சிதர் கோபப்படவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து சங்கராபரணத்தில் 'அக்ஷயலிங்க விபோ' பாடினார். பாடி முடிக்கும்போது கதவு தானாகத் திறந்தது என்று கதை. நொட்டு ஸ்வரமும் சங்கராபரணம், இதுவும் சங்கராபரணம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று ஓடுகிற சிற்றோடை, இன்னொன்று கரை தெரியாத ஏரி. ஒரே ஏழு ஸ்வரம்!

பணம் அவரிடம் தங்கவில்லை. தஞ்சாவூர் ராஜாவைப் புகழ்ந்து பாடினால் நகை நட்டு செய்து போட்டுக்கொள்ளலாமே என்று மனைவி ஆசைப்பட்டாராம். அவர் லட்சுமி மேல் 'ஹிரண்மயீம்' பாடினார், அரண்மனைக்குப் போகவில்லை. திருவாரூரில் ஒரு நாள் வீட்டில் அரிசி பருப்பே இல்லை. சிஷ்யை கமலம் தன் வளையலை அடகு வைக்கத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். யாரோ அதிகாரிக்காகக் கொண்டுவந்த மளிகை வண்டி, அதிகாரி வராததால் இவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது என்பார்கள். வண்டி வந்தது பெரிசில்லை. சிஷ்யையின் வளையலை வாங்காதது பெரிசு.

வறுமையிலும் வேலை நிற்கவில்லை. காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, நமக்கு அந்தப் பக்கம் இருக்கிற காளஹஸ்தி, சிதம்பரம் என்று பஞ்சபூதத் தலங்களுக்கு ஐந்து பாட்டு. திருவாரூர்க் கமலாம்பாள் மேல் நவாவரணக் கீர்த்தனைகள். வேங்கடமகி வகுத்த 72 மேள முறையைக் கடைசிவரை விடாமல் கைக்கொண்டார். மொத்தம் 450 பாட்டுக்கு மேல்.

எட்டயபுரம்

சின்னசுவாமி மதுரையில் இறந்துபோனார். பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருப்பது தெரிந்து தம்பியைப் பார்க்கப் புறப்பட்டார். போகிற வழியெல்லாம் மழை இல்லாமல் வெடித்த பூமி. மனம் தாங்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாம்ருதகர்ஷிணி' பாடியதாகவும், மழை கொட்டியதாகவும் சொல்வார்கள். ராகம் மழை கொண்டுவருமா என்று தெர்மல் படிக்கிறவன் கேட்பான். கேட்கட்டும். அடுத்தவன் வயல் காய்ந்ததைப் பார்த்து நெஞ்சு காய்ந்த மனுஷன் என்பது மட்டும் நிச்சயம்.

1835 தீபாவளி நாளில், சிஷ்யர்கள் 'மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்க, அவர் உயிர் பிரிந்தது. நினைவிடம் எட்டயபுரத்தில் இருக்கிறது. 47 வருஷம் கழித்து, 1882-ல், அதே ஊரில்தான் பாரதியார் பிறந்தார்.

பாட்டுகள் எப்படி நமக்கு வந்தன? பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் (1839-1906) குடும்பத்தில் காத்து வைத்திருந்தார். அதை அச்சில் கொண்டுவர அவரை விடாமல் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். மேற்கத்திய நொட்டேஷனில் நம்ம பாட்டை எழுதிப் பார்த்தவர். எட்டயபுரம் அரண்மனை உதவியோடு 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. வெள்ளைக்காரர் மெட்டை இவர் எடுத்துக்கொண்டார். இவர் பாட்டைக் காப்பாற்ற வெள்ளைக்காரர் எழுத்துமுறை தெரிந்த ஒருவர் வந்தார். கொடுத்தது திரும்பி வந்தது!

நமக்கு என்ன?

நண்பர்களே, நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதல் பட்டயம் வாங்கப் போகிறவர்கள். நாளைக்கு ஓரகடத்திலோ, ஸ்ரீசிட்டியிலோ, ஜெர்மனி மிஷின், ஜப்பான் மிஷின் முன்னால் நிற்கப் போகிறோம். அது யாருடையதோ என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். எங்க ஊர் விசைத்தறியும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு எங்க வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. தைரியமாகக் கற்றுக்கொள்வோம். நம்ம வேலைக்கு ஏற்றபடி மாற்றுவோம். அதைவிட முக்கியம், கற்றதை ஜூனியருக்கு, ஆபரேட்டருக்கு, தங்கச்சிக்கு, கேட்கிற யாருக்கும் முகம் பார்க்காமல் சொல்லிக்கொடுப்போம். பாட்டு கற்க வந்த ஒரு பையனைச் சிரித்துத் திருப்பி அனுப்புகிற ஆளாக நம்மில் ஒருவரும் ஆகிவிடக் கூடாது.

நொட்டு ஸ்வரம் ஒன்றைப் போனில் தேடிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கேட்டு முடித்ததும் உங்களை அறியாமலே காலால் தாளம் போட்டிருப்பீர்கள்!